ரிடிம் கட்டியவர்களின் பெயரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கிந்தியத் தீவுகளின் நடன இசை பற்றித் தங்கள் நாளிதழின் இசைப் பகுதியில் அண்மையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஜமைக்காவின் டான்ஸ்ஹால் என்ற ஆட்ட இசையின் பாடகர்கள் பலர் ஒரே இசைத்தடத்தின் மேல் ஆளுக்கொரு பாட்டைப் பாடி வெளியிடுவதை, சரக்கு தீர்ந்துபோன ஒரு துறையின் அடையாளமாகவும் ஏறத்தாழ இசைத் திருட்டாகவும் அக்கட்டுரை காட்டியிருந்தது. அந்த இசையை நெடுங்காலமாக விரும்பிக் கேட்டு வருபவள் என்ற முறையில் இந்தக் கருத்தை ஏற்க என்னால் இயலவில்லை. அந்தத் துறையில் ஒரு பெருங்குறை இருப்பது உண்மைதான். கட்டுரையாளர் அதன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டு, வேறொன்றைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விட்டார் என்பதே என் வருத்தம்.

ஜமைக்காவில் ரிடிம் என்று சொல்லப்படுவது, பாடுகிறவரின் குரலை எடுத்துவிட்டால் எஞ்சுகின்ற முழு இசைத்தடம் ஆகும். டிரம்ஸ் அடியும் அதனோடு பின்னிக் கிடக்கும், பேஸ் வரிசை என்ற கனத்த கீழ்ச்சுர இசையும் அதன் உயிர். மேலே கீபோர்டோ கிதாரோ சிறிதளவு சேரும். தயாரிப்பாளர் முதலில் இதைக் கட்டி முடித்து அதற்கென்று ஒரு பெயர் வைக்கிறார். பிறகு பாடகர்களையும், பேச்சும் பாட்டுமாகத் தாளத்தின் மேல் சொல்லை அடுக்குகின்ற டீஜேக்களையும் ஒவ்வொருவராக வரவழைத்து, அதே தடத்தின் மேல் அவரவர் எழுதிய வரிகளை அவரவர் மெட்டில் பதிவு செய்கிறார். மற்ற நாடுகளில் டீஜே என்றால் இசைத்தட்டு சுழற்றுபவர். ஜமைக்காவில் அந்த வேலையைச் செய்பவர் செலக்டர், டீஜே என்பவர் வாயால் பாடுபவர். இவ்வாறு ஒரு ரிடிமின் மேல் பத்துப் பாட்டும் உண்டு, நூற்றுக்கணக்கான பாட்டும் உண்டு.

இந்தப் பாட்டுகள் பிறப்பது தனியறையில் காதுக்குள் வைத்துக் கேட்பதற்காக அல்ல என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கத் தவறிவிட்டார். ஆளுயரப் பெட்டிகளை அடுக்கித் திறந்த வெளியில் இசை முழக்கும் சவுண்ட் சிஸ்டம் என்ற அமைப்புக்காகவே இவை ஆக்கப்படுகின்றன. செலக்டர் ஒரே ரிடிமில் அமைந்த பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஆடுகிறவர்களின் கால் நிற்காதபடி இணைத்துக்கொண்டே போவார். அடியில் தாளம் அசையாமல் ஓடிக்கொண்டிருக்க, மேலே ஒரு குரல் போய் இன்னொரு குரல் வந்து ஏறுகிற அந்தக் கணத்தில்தான் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. புதிதாக வந்த குரல் மிகவும் பிடித்துவிட்டால் செலக்டர் தட்டைப் பின்னோக்கிச் சுழற்றி, அதே பாட்டை முதலிலிருந்து போடுவார். தாளம் பொதுவாக இருப்பதால்தான் இவர் எப்படிப் பாடுகிறார், அவர் எப்படிப் பாடினார் என்று கேட்பவர் நொடியில் ஒப்பிட முடிகிறது. புலவர் அவையில் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புரியாத செய்தி அன்று. ஈற்றடி எல்லோருக்கும் ஒன்றே. அந்த அடிக்கு வந்து சேருகின்ற வழியில்தான் புலவரின் திறம் தெரியும். ஒரே ஈற்றடியை முடித்தார்கள் என்பதற்காக எவரையும் எவரும் திருடர் என்று சொன்னதில்லை.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான பெயர் கொண்ட ஒரு ரிடிமையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீவன் மார்ஸ்டென் என்னும் இயற்பெயர் கொண்ட தயாரிப்பாளர் லென்கி 2002ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய ரிடிமின் பெயர் தீவாளி. நாம் கொண்டாடும் அதே பண்டிகையின் பெயர்தான். விட்டு விட்டு அடுக்கடுக்காக விழும் கைத்தட்டல்களே அதன் முகம். ஒருமுறை கேட்டவர் அதை மறக்கமாட்டார். அதன் மேல் ஷான் பால் பாடிய 'கெட் பிசி' 2003 மே மாதத்தில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதே ரிடிமில் வெய்ன் வொண்டர் பாடிய 'நோ லெட்டிங் கோ' அதே ஆண்டில் அதே பட்டியலின் முதல் இருபது இடங்களுக்குள் வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த லுமிடி என்ற இளம்பெண்ணின் 'நெவர் லீவ் யூ' முதல் ஐந்து இடங்களுக்குள் ஏறியது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்குமாறு கட்டுரையாளரை அன்புடன் அழைக்கிறேன். ஷான் பால் ஏற்ற இறக்கத்தைக் கிட்டத்தட்டத் துறந்துவிட்டு, ஓரிரு சுரங்களிலேயே நின்று, கைத்தட்டல்களுக்கு இடையில் அசை அசையாகச் சொற்களை நெருக்கித் திணிக்கிறார். அவர் குரலே இன்னொரு தாளக் கருவியாகிவிடுகிறது. வெய்ன் வொண்டர் அதே கைத்தட்டல்களைக் கண்டுகொள்ளாதவர்போல், நீண்ட மெல்லிய இழைகளாக ஒரு காதல் பாட்டை அவற்றின் மேல் விரிக்கிறார். அடியில் இருப்பது ஆட்டத்துக்கான வேகம் என்பதே மறந்துபோகிறது. லுமிடியோ பயிற்சியின் மெருகேறாத, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரலில், தாளத்துக்குச் சற்றே பின்தங்கினாற்போலச் சோம்பலாகப் பாடுகிறார். அந்தச் சோம்பல்தான் பாட்டின் அழகு. மூன்று மெட்டு, மூன்று மனநிலை, மூன்று பாட்டு. இவற்றை ஒன்றின் நகல் மற்றொன்று என்று சொல்வதற்கு, பாட்டைக் கேட்காமல் தாளத்தை மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

இந்த வழக்கம் நேற்று முளைத்ததும் அன்று. 1960களின் இறுதியில், ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுன் நகரில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரட்டி ரெட்வுட்டுக்காக டிரஷர் ஐல் ஸ்டூடியோவில் ஓர் இசைத்தட்டைப் பதித்தபோது குரல் தடம் சேராமல் போய்விட்டது என்றும், வெறும் இசையாக ஒலித்த அந்தத் தட்டைக் கேட்ட கூட்டம் தானே பாடத் தொடங்கிவிட்டது என்றும் ஜமைக்கா இசையின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அதன் பிறகு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டும், மறுபக்கத்தில் குரல் நீக்கிய 'வெர்ஷன்' என்ற இசைத்தடமும் வருவது வழக்கமாயிற்று. 1970இல் யூ-ராய் என்ற டீஜே, பழைய பாட்டுகளின் தடங்கள் மேல் தம் சொல்லடுக்கைப் பாடிப் பதிவு செய்த மூன்று பாட்டுகள் ஜமைக்காவின் வானொலிப் பட்டியலில் முதல் மூன்று இடங்களையும் ஒரே நேரத்தில் பிடித்தன. 1974இல் தயாரிப்பாளர் ரூப்பி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமின் வெவ்வேறு ஆக்கங்களை மட்டுமே கொண்ட ஒரு முழு நீள இசைத்தட்டை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு நாட்டு மக்கள் தெரிந்தே, விரும்பியே வளர்த்து வந்த முறை இது.

இனி உண்மையான குறைக்கு வருகிறேன். ரிடிம் பலருக்கும் பொதுவானது என்ற இந்த ஏற்பாட்டில், மேலே நின்று பாடுகிறவரின் பெயர் உலகம் முழுவதும் தெரிகிறது. தயாரிப்பாளரின் பெயர் தட்டில் அச்சாகிறது. அந்தத் தாளத்தை உண்மையில் வாசித்தவர், அந்த பேஸ் வரிசையை விரலால் கண்டுபிடித்தவர் எவரோ அவர் பெயர் மட்டும் பெரும்பாலும் எங்கும் இராது. ஸ்டூடியோவில் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிய கூலியோடு அவருடைய கணக்கு முடிந்துவிடும். அவர் ஒரு பிற்பகலில் வாசித்துவிட்டுப் போன நான்கு தாளச் சுற்றுகளின் மேல் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் பாட்டுகள் குவிந்துகொண்டே இருக்கும்.

ஸ்லெங் டெங் என்ற ரிடிமின் கதையில் இது மிகத் துலக்கமாகத் தெரிகிறது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஜப்பானின் கேசியோ நிறுவனத்தில் 1980இல் சேர்ந்தவர் ஓகுடா ஹிரோக்கோ என்ற இளம்பெண். இசைக் கல்லூரியில் ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். 1981இல் வெளிவந்த எம்.டி.-40 என்ற சிறிய கீபோர்டுக்குள், பொத்தானை அழுத்தினால் தானே ஓடுகின்ற தயார்த் தாளங்களை அமைக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. அவற்றுள் 'ராக்' என்ற பெயரில் அவர் அமைத்த ஒரு தாளத்தில், டிரம்ஸோடு துள்ளலான ஒரு பேஸ் வரிசையும் சேர்ந்தே ஓடும். அந்தக் கருவி ஒன்று கடல் கடந்து ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் நோயல் டேவி என்ற இளைஞரின் கைக்கு வந்தது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அந்த ராக் தாளத்தைக் கண்டுபிடித்து, அதை எடுத்துக்கொண்டு வாட்டர்ஹவுஸ் பகுதியில் ஸ்டூடியோ வைத்திருந்த பிரின்ஸ் ஜாமி என்ற லாயிட் ஜேம்ஸிடம் போனார்கள். ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார். பியானோவும் கைத்தட்டலும் சேர்த்தார். 1985இன் தொடக்கத்தில் பிளாக் ஸ்கார்பியோ என்ற போட்டி சவுண்ட் சிஸ்டத்துக்கு எதிரே அது முழங்கியபோது, டிரம்ஸ் கலைஞரோ பேஸ் கலைஞரோ வாசிக்காத, முழுக்க மின்னணு ஒலியாலான அந்தத் தாளம் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது. வெய்ன் ஸ்மித் பாடியதைத் தொடர்ந்து டெனர் சா, ஜானி ஆஸ்போர்ன் என்று பலரும் அதே தடத்தின் மேல் வந்து பாடினார்கள். இன்றுவரை அதன் மேல் பாடப்பட்டவை சில நூறு இருக்கும்.

இந்த வரிசையைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஓகுடா அமைத்தார், டேவியும் ஸ்மித்தும் கண்டெடுத்தார்கள், ஜாமி வடிவம் கொடுத்தார், பாடகர்கள் அதைப் பெருக்கினார்கள். ஒவ்வொருவருடைய பங்கும் உண்மையான பங்கு. ஆயினும் ஓகுடாவின் பெயர் இசை ரசிகர்களிடையே பரவலாகத் தெரிய வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தத் தாளத்துக்காகக் கேசியோ எவரிடமும் பணம் கேட்கவில்லை என்பது அந்நிறுவனத்துக்குப் பெருமை தரும் செய்திதான். ஆனால், பணம் கேட்காமல் இருப்பதும் ஆக்கியவரைத் தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பொத்தானை அழுத்தினால் தாளம் வரும் என்றான பிறகு, ஸ்டூடியோக்களில் வாசித்துப் பிழைத்துவந்த கலைஞர்கள் பலருக்கு வேலை குறைந்தது. ஏற்கெனவே பெயரில்லாமல் உழைத்தவர்களுக்கு அதன் பிறகு உழைப்பும் இல்லாமல் போயிற்று.

பாடுகிறவர்களே ஏமாந்த கதைகளும் உண்டு. ஆன்செல் காலின்ஸ் ஆர்கன் வாசிக்க, வின்ஸ்டன் ரைலி தயாரித்து 1970களின் முற்பகுதியில் வெளிவந்த ஸ்டாலாக் என்ற ரிடிமின் மேல் 1982இல் பெண் டீஜே சிஸ்டர் நான்சி 'பாம் பாம்' என்ற பாட்டைப் பாடினார். அதன் பல்லவிச் சொல் 1966இல் மேடல்ஸ் குழு பாடிப் பரிசு வென்ற பாட்டிலிருந்து வந்தது. தாளம் ஸ்டாலாக்கிலிருந்து வந்தது. அந்தக் கம்பீரமும் அந்தச் சொல்லடுக்கும் மட்டும் முழுக்க நான்சியுடையவை. திரைப்படங்களிலும் புகழ்பெற்ற ராப் பாடகர்களின் பதிவுகளிலும் அந்தக் குரல் திரும்பத் திரும்ப ஒலித்தது. நான்சியோ அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, வங்கி ஒன்றில் கணக்கு வேலை பார்த்து வந்தார். 2014இல் ஒரு விளம்பரத்தில் தம் பாட்டைக் கேட்ட பிறகே வழக்கறிஞரை நாடினார்; அதன் பிறகே தம் உரிமையில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் ஆடிய பாட்டு அது.

சட்டம் இதில் நெடுநாள் உதவிக்கு வரவில்லை. 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடே ஜமைக்காவில் 1993 வரை நீடித்தது; அந்த ஆண்டில்தான் நாட்டுக்கெனப் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே ரிடிம்களின் பெரும்பகுதி உருவாகிவிட்டது. மேலும், பாட்டு என்றால் வரியும் மெட்டும் என்று எண்ணிப் பழகிய சட்டத்துக்கு, டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஆக்குகிற ஒரு படைப்பை எந்தப் பெட்டியில் வைப்பது என்றே தெரியவில்லை.

இந்தச் சிக்கல் இப்போது அமெரிக்க நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. ஸ்டீலி, கிளீவி என்ற இரட்டையர் 1989இல் உருவாக்கிய 'ஃபிஷ் மார்க்கெட்' என்ற ரிடிம், டீஜே ஷாப்பா ராங்க்ஸின் 'டெம் போ' பாட்டின் வழியாகப் பனாமாவுக்கும் நியூயார்க்குக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் பயணம் செய்து, இன்று உலகெங்கும் ஒலிக்கும் ரெகேட்டோன் என்ற ஸ்பானிய மொழி ஆட்ட இசையின் அடித்தளமாயிற்று. ஸ்டீலி 2009இல் மறைந்தார். கிளீவியும் ஸ்டீலியின் வாரிசுகளும் 2021இல் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கு விரிந்து விரிந்து, ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட பாட்டுகளையும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பிரதிவாதிகளையும் உள்ளடக்கியது. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட வேண்டும் என்ற கோரிக்கையை 2024இல் நீதிபதி பெரும்பாலும் ஏற்கவில்லை.

என் மனம் இந்த வழக்கில் முழுவதுமாக ஒரு பக்கம் சாயவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். தம் தாளத்தின் மேல் ஒரு பெருந்தொழில் எழும்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கலைஞர், தம் பெயரையும் பங்கையும் கேட்பது நியாயம். ஆனால், ஒரு தாள அடியே ஒருவருடைய தனிச்சொத்து என்று தீர்ப்பாகிவிட்டால், எந்தப் பகிர்வு அந்தத் தாளத்தைப் பிறப்பித்ததோ அந்தப் பகிர்வின் கழுத்தையே அது நெரித்துவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. கிங்ஸ்டனில் முன்னவர் கட்டிய தாளத்தின் மேல் ஏறாமல் எழுந்த பின்னவர் எவரும் இல்லை. பதிவு செய்யப்பட்ட ஒலியை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவது வேறு, அந்த அடியைக் கேட்டு மீண்டும் வாசிப்பது வேறு என்ற வேறுபாட்டையாவது நீதிமன்றம் காக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பகிர்வும் மரியாதையும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு அதே ஸ்டீலியும் கிளீவியுமே சான்று. 1990களின் தொடக்கத்தில் ஸ்டூடியோ ஒன் நிறுவனத்தின் பழைய பாட்டுகளை அவர்கள் புதிதாக வாசித்துப் பதிவு செய்தபோது, குரலுக்குப் புதிய நட்சத்திரங்களைத் தேடவில்லை. முதலில் பாடியவர்களையே தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். 1967இல் 'நோ நோ நோ' பாடிவிட்டு இசையுலகை விட்டே விலகியிருந்த பாடகி டான் பென் அவ்வாறு திரும்ப வந்தவர். 1994இல் அந்தப் பாட்டு பிரிட்டனில் பெரும் வெற்றி கண்டது. பழையதை எடுத்தாளுகிறவர், பழையதை ஆக்கியவரைக் கையோடு கூட்டிவர முடியும். அதற்கு மனம்தான் வேண்டும்.

இதில் நாளிதழுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தங்கள் கட்டுரையில் பாடகர்கள் பலருடைய பெயர் இருந்தது. சிலருடைய படம்கூட இருந்தது. எந்த ரிடிமைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஓரிடத்திலும் இல்லை. அதைக் கட்டிய ஒருவருடைய பெயரும் இல்லை. பகிர்வதைத் திருட்டு என்று கடிந்துகொண்ட கட்டுரையே, ஆக்கியவரின் பெயரை விட்டுவிட்டது. பாட்டுகளைக் கேட்கத் தரும் கைபேசிச் செயலிகளும் இதே தவற்றைத்தான் நாள்தோறும் செய்கின்றன: பாடகர் பெயர் திரையில் பெரிதாகத் தெரியும், ரிடிமின் பெயரைத் தேடிக் களைக்க வேண்டும். ஜமைக்காவின் ரெகே இசையை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. அப்படி மதிக்கப்படுகின்ற ஒரு மரபைப் பற்றி எழுதும்போது, அதன் அடித்தளத்தை இட்டவர்களைக் குறிப்பிடுவது எழுதுகிறவரின் கடமை.

எனவே, இனி டான்ஸ்ஹால் பாட்டொன்றைப் பற்றி எழுதும்போது பாட்டின் பெயர், பாடியவரின் பெயர் ஆகியவற்றோடு, ரிடிமின் பெயரையும் அதைக் கட்டியவரின் பெயரையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கருவி வாசித்தவர்களின் பெயர் கிடைக்குமானால் அதையும் சேர்க்கலாம். பழைய தட்டுகளின் உறைகளிலும், அந்தக் கலைஞர்கள் அளித்த பேட்டிகளிலும் தேடினால் பல பெயர்கள் கிடைக்கும். அண்மைக் கட்டுரைக்கும் இத்தகைய ஒரு சிறு திருத்தக் குறிப்பை அதே இசைப் பகுதியில் வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி